ஹீற்றருக்கு மேலே ஒரு பிளக்

ஸ்காபரோவில் எங்கள் பேஸ்மென்ற் அறையில் சுவரோரமாக, நிலத்தோடு ஒட்டி நீளமான மின்சார ஹீற்றர் ஒன்று இருக்கிறது. அதற்கு நேர் மேலே ஒரு பிளக் பொயின்ற். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்ததால் எனக்கு வசதியாகத்தான் பட்டது. மேசை விளக்கின் வயர் ஹீற்றரின் மேல் தொங்கியபடியே ஒரு மாரிகாலம் போயிற்று.

ஒருநாள் கூட்டும்போது பார்த்தேன். வயரின் உறை இளகி, ஓரிடத்தில் செம்புக் கம்பி தெரிந்தது. மனைவியின் தலைமாடு அதிலிருந்து ஒரு முழத் தூரம்தான். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

அடுத்த நாள் வந்த எலக்ட்ரீசியன் தம்பி சொன்னார்: "அங்கிள், இந்த ஹீற்றருக்கு மேலே பொயின்ற் வைக்கக் கூடாது. சூடு மேலேதானே எழும்பும்? உறை உருகினால் ஷோர்ட்டாகி நெருப்புப் பிடிக்கும்."

பொயின்ற்றைப் பக்கச் சுவருக்கு மாற்றி, பழைய பெட்டியை மூடிவிட்டார். போகும்போது இன்னொன்றும் சொன்னார்: "தூக்கி வைக்கிற 1500 வாற் ஹீற்றர் 120 வோல்ற்றில் 12.5 அம்பியர் இழுக்கும். அதை எக்ஸ்ரென்ஷன் வயரில் கொழுவாதேங்கோ. நேரே சுவரில் கொழுவுங்கோ."

குளிர் தொடங்குமுன் நீங்களும் உங்கள் கட்டிலோரம் ஒருக்கால் குனிந்து பாருங்கள்.