சோத்தோங்கில் சுருண்ட புழு

சகோதரிகளே, மீன் வண்டியில் வாங்கிய சோத்தோங்கை அறுக்கும்போது நூல்போல் சுருண்ட வெள்ளைப் புழுவைப் பார்த்ததுண்டா? நான் பார்த்தேன். "கெட்டுப்போன சாமான், வீசிடும்மா" என்றார் மாமியார். அரைநாள் கூலியை வீச யாருக்கு மனம் வரும்?

கெட்டுப்போனதால் வந்த புழு அல்ல அது. கடலிலேயே சோத்தோங்குக்குள் புகுந்தது; பெயர் அனிசாக்கிஸ். திமிங்கிலம், டால்பின் வயிற்றில் வளர்ந்து முட்டையிடும். முட்டை கடலில் பொரிந்து, பொடி இறால் போன்ற பிராணிகளுக்குள் போகும். அவற்றைத் தின்னும் மீனுக்கும் சோத்தோங்குக்கும் அதுவும் போய்ச் சேரும். நம் வயிற்றில் அது வளராது. ஆனாலும் உயிரோடு போய்விட்டால் குடலைக் குடைந்து துடிக்க வைத்துவிடும். ஹெர்ரிங் என்ற மீனைப் பச்சையாகத் தின்ற ஹாலந்துக்காரர்களிடம்தான் 1960-இல் இந்த நோயை அடையாளம் கண்டார்கள்.

எலுமிச்சையும் வினிகரும் அதைக் கொல்லாது. 60 டிகிரிச் சூடு உள்வரை ஏறி ஒரு நிமிஷம் நின்றால் செத்துவிடும். நம் மலையில் தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது (பருப்பு வேகாமல் படுத்துவது அதனால்தான்!). புழுவுக்கு அந்தச் சூடு தாராளம். குடலைச் சீக்கிரம் எடுத்து, கழுவி, நன்றாக வேகவிட்டுச் சம்பால் வையுங்கள். சிலருக்குச் செத்த புழுவாலும் உடம்பு தடிக்கும். அவர்கள் டாக்டரிடம் காட்டட்டும். வீட்டு ஐஸ்பெட்டியை நம்ப வேண்டாம்; குளிரில் சாக மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் கிடக்க வேண்டும்.