படம் இல்லையே, அக்கா!

எங்கள் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் குடவோலைக் கல்வெட்டு இருப்பது தோழியர் அனைவரும் அறிந்ததே. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்டது அது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டுக் குலுக்கி, விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு ஓலையை எடுக்க வேண்டும் என்று அதில் விதித்திருக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என் தம்பியின் நினைவு வரும். எழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அது இன்னதென்று அறியாமல் அவனும் ஒருநாள் நின்றான்.

2020 ஆம் ஆண்டு அவன் முதல் வகுப்பில் சேர வேண்டிய ஆண்டு. கொரோனாவால் மார்ச் மாதமே பள்ளிகள் மூடப்பட்டன. பையும் சிலேட்டும் வாங்கியாயிற்று. பள்ளிக்கூட வாசலைத்தான் அவன் மிதிக்கவில்லை. நான் அப்போது ஏழாம் வகுப்பு. வீட்டில் இருந்த ஒரே கைப்பேசி அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். எங்களுக்கு மிஞ்சியது 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிதான். 2006 இல் அரசு தொடங்கிய இலவசத் தொலைக்காட்சித் திட்டத்தில் எங்கள் ஆயாவுக்குக் கிடைத்தது அது.

தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டு 26 அன்று தொடங்கப்பட்டிருந்தது. பள்ளிகள் மூடிக் கிடந்த காலத்தில் அதில் வகுப்பு வாரியாகப் பாடங்கள் ஒளிபரப்பாயின. அம்மா களையெடுக்கப் போகும்போது, "தம்பியைப் பாடம் பார்க்க வை, நீயும் கூடவே உட்காரு" என்று சொல்லிவிட்டுப் போவார். நான் பெட்டியைப் போட்டு, தம்பியை அதன் முன் உட்கார வைத்துவிட்டு, எதிர்வீட்டுத் திண்ணையில் பல்லாங்குழி ஆடப் போய்விடுவேன். பாடம்தான் பெட்டியே நடத்துகிறதே, நான் எதற்கு என்பது என் எண்ணம்.

மாலையில் அம்மா கேட்டால் தம்பி கடகடவென்று ஒப்பிப்பான். "அ, அணில். ஆ, ஆடு. இ, இலை." அம்மாவுக்குப் பெருமை தாங்காது. எனக்கும் குற்ற உணர்வு வரவில்லை.

ஆடி மாதத்தில் ஒரு நாள், கிழித்த நாட்காட்டித் தாள் ஒன்றை அவன் கப்பல் செய்யக் கேட்டான். விளையாட்டாக, "இதைப் படித்தால் தருகிறேன்" என்று 'ஆடி' என்ற சொல்லைக் காட்டினேன். விழித்தான். முதல் எழுத்தையாவது சொல் என்றேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "படம் இல்லையே, அக்கா!" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'ஆ' என்றதும் 'ஆடு' என்று அத்தனை நாளும் ஒப்பித்தவன், எழுத்தைப் பார்க்கவே இல்லை. ஆட்டின் படத்தைப் பார்த்தான். ஆசிரியையின் குரலைக் கேட்டான். கிளிப்பிள்ளை போல் சொல்லக் கற்றானே தவிர, படிக்கக் கற்கவில்லை. பெட்டியின் மேல் குற்றம் சொல்ல முடியுமா? அது கேள்வி கேட்டது. விடை சொல்லச் சிறிது நேரமும் தந்தது. ஆனால் சொன்ன விடை சரியா தவறா என்று அதற்குக் காதில் விழாது. அதைக் கேட்க வேண்டியவள் பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்தேன்.

அன்றிரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. மறுநாள் முதல் அவன் அருகிலேயே உட்கார்ந்தேன். திரையில் எழுத்து தோன்றியதும் ஒலியைக் குறைத்துவிடுவேன். படத்தைக் கையால் மறைத்துக்கொள்வேன். அவன் சொன்ன பிறகே கையை எடுப்பேன். முதலில் அழுதான். பிறகு அதுவே எங்களுக்கு ஒரு விளையாட்டாகிவிட்டது. அவனுக்குப் பிடித்த திரைப்பாட்டின் பல்லவியைச் சிலேட்டில் எழுதி, பாட்டு ஒலிக்கும்போது ஈர்க்குச்சியால் ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுக் காட்டுவேன். பாட்டு அவனுக்கு முன்பே மனப்பாடம். ஆதலால் அடுத்த சொல் எது என்று கண் தானாகவே தேடிப் போயிற்று.

எனக்குப் பெரிய துணை ஆயாதான். அவருக்கு எழுத்துத் தெரியாது. ரேஷன் கடையில் கைரேகைதான் வைப்பார். வேர்க்கடலை உரித்துக்கொண்டே, "அது இன்னா எழுத்துடா கண்ணு?" என்று கேட்பார். அவன் சொன்னால் விடமாட்டார். "அதுதான்னு எப்படித் தெரியும்?" என்பார். "கீழே சுழி இருக்குது பாரு ஆயா" என்று இவன் விளக்குவான். தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுக்கும்போது தனக்கு நன்றாகத் தெரிந்துவிடுகிறது என்பதை அப்போதுதான் கண்டேன்.

பின்னாளில் இதை எங்கள் தமிழாசிரியையிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "நீ சிலேட்டில் செய்ததைத் தொலைக்காட்சியிலேயே செய்து பார்த்திருக்கிறார்கள்" என்றார். ஆமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தில் 1996 இல் பிரிஜ் கோத்தாரி என்ற பேராசிரியர் தொடங்கிய முயற்சியாம் அது. பாட்டு எந்த மொழியோ அந்த மொழியிலேயே அதன் சொற்கள் திரையின் அடியில் ஓடும். பாடப் பாட அந்தச் சொல்லின் நிறம் மாறும். 1999 இல் குஜராத்திப் பாடல் நிகழ்ச்சியிலும், பின்னர் தூர்தர்ஷனின் 'சித்ரஹார்' நிகழ்ச்சியிலும் இம்முறை கையாளப்பட்டது. அரைகுறையாக எழுத்தறிந்தவர்கள் பாட்டு கேட்டுக்கொண்டே படிக்கப் பழக வேண்டும் என்பதே அதன் நோக்கம். அதற்கும் முன்னால் 1975-76 இல், செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகள் ஒளிபரப்பாயின என்றும், பொதுவில் வைத்த ஒரே பெட்டியின் முன் ஊரே கூடி உட்கார்ந்தது என்றும் சொன்னார். கூடி உட்கார்ந்தது என்ற சொல் என் நெஞ்சில் தைத்தது.

2021 நவம்பர் 1 அன்று சிறு வகுப்புகளுக்குப் பள்ளி திறந்தபோது, தம்பி நேரே இரண்டாம் வகுப்பில் போய் உட்கார்ந்தான். எல்லாம் தெரிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். கூட்டெழுத்துகளில் திணறினான். 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில் எங்கள் தெருவுக்குத் தன்னார்வலராக வந்த அக்கா அந்தக் குறையைப் போக்கினார். இன்று அவன் ஆறாம் வகுப்பு. பேருந்தில் ஆயாவோடு போனால் பெயர்ப்பலகையைப் பார்த்துச் சொல்வது அவன் வேலை. ஆயா இப்போதும் கேட்கிறார்: "அதுதான்னு எப்படித் தெரியும்?"

அன்புத் தோழியரே! நம் வீட்டுத் தம்பி தங்கையர் இன்று தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் எழுத்துப் பாட்டுகளைப் பார்க்கிறார்கள். நல்லதே. ஆனால் ஒருநாள் படத்தை மறைத்துவிட்டு எழுத்தை மட்டும் காட்டிக் கேட்டுப் பாருங்கள். விடை வராவிட்டால் பிள்ளையையும் பெட்டியையும் நோக வேண்டாம். பக்கத்தில் போய் உட்காருங்கள்.

குடத்தில் கைவிட்ட அந்தச் சிறுவன், விவரம் அறியாதவன் என்பதற்காகவே அழைக்கப்பட்டான். நம் வீட்டுச் சிறுவன் ஓலையை எடுத்தால், அதில் இருப்பதைப் படித்தும் காட்ட வேண்டும்.

பன்னிரண்டாம் வகுப்பு, 'அ' பிரிவு மாணவி