புறாத்தீவில் கால் ஊன்றாமல்

ஜூலை 11, வெள்ளி

மதுரையில் விமானம் ஏறி, கொழும்பிலிருந்து பேருந்தில் திருகோணமலை. வழி அலுப்பைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நிலாவெளிக் கரையில் நின்றால் எதிரே புறாத்தீவு; ஒரு கிலோமீட்டர்தான் இருக்கும். மாடப்புறாக்கள் அடைவதால் வந்த பெயர். வெள்ளைக்காரன் காலத்தில் அந்தத் தீவையே குறிவைத்துச் சுட்டுப் பழகியிருக்கிறார்கள். 1963இல் சரணாலயம், 2003இல் தேசியப் பூங்கா. 2009இல் போர் முடிந்த பிறகுதான் இவ்வளவு கூட்டம். மழைக்காலத்தில் இந்தக் கடல் கொந்தளிக்கும். மே முதல் செப்டம்பர் வரைதான் தோது.

ஜூலை 12, சனி

விடிந்ததும் வனஜீவராசிகள் திணைக்களத்தில் சீட்டு வாங்கிப் படகேறினோம். ஸ்நோர்கெல் கண்ணாடியும் குழாயும் வாடகைக்குக் கிடைக்கின்றன. படகுக்காரர் எங்களூர்ப் பக்கத்தாரைப் போலவே கண்டிப்பானவர். “ஐயா, கால ஊண்டாதீங்க. அது கல்லில்ல, உயிர்.”

முகத்தைத் தண்ணீரில் வைத்ததும் முதலில் கேட்டது சத்தம். ‘கறுக், கறுக்’ என்று கிளிமீன்கள் பாறையைக் கொறிக்கின்றன. சொண்டு மாதிரி வாய். பச்சையும் ரோஜாவும் கலந்த உடம்பு. தின்றது மணலாகப் பின்னால் புகைந்து வெளியே போகிறது. இந்த வெள்ளை மணலில் மீன் போட்டதும் உண்டு என்று சொன்னால் சில பேர் செருப்பைக் கழற்ற மாட்டார்கள்! கொஞ்சம் தள்ளி, முதுகுத்துடுப்பு நுனியில் மை தொட்டது போன்ற சின்னச் சுறாக்கள். “ஒண்டும் செய்யாது” என்றார் படகுக்காரர். அவை எங்களைக் கண்டுதான் விலகின.

ஆழம் இடுப்பளவுதான், அதுதான் வினையே. மூச்சு முட்டியவர்கள் சட்டென்று எழுந்து நிற்கிறார்கள், பவளத்தின் மேலேயே. மான்கொம்புப் பவளம் ஒன்று கண்ணெதிரே முறிந்தது. உருண்டைப் பவளம் வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது. 1998இல் கடல் சூடேறித் தென்மேற்குக் கரையின் ஹிக்கடுவைப் பவளம் வெளுத்துச் செத்தபோதும் இந்தப் பக்கம் பெரும்பாலும் தப்பியது. சூட்டுக்குத் தப்பியதை மிதித்துக் கொல்வதா?

ஜூலை 13, ஞாயிறு

இன்று படகுக்கு மேல் படகு. எங்களூர்ப் பக்கம் சாஸ்தா கோவில் ஓடையில் விடுமுறை நாளில் பார்க்கிற அதே கூட்டம், அதே கூச்சல். அந்த ஓடை இருக்கும் தேவதானம் மலைக்காடு 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகமானது. அங்கே காட்டுக்கு ஓய்வு வேண்டும் என்றால் யாரும் சண்டைக்கு வருவதில்லை. கடலுக்கு மட்டும் எதற்கு ஓய்வு என்று நினைக்கிறோம். ஹவாயில் ஹனௌமா விரிகுடாவை வாரத்தில் திங்கள், செவ்வாய் மூடிவிடுகிறார்கள். மற்ற நாளிலும் ஆள் கணக்கு உண்டு. விளக்கப்படம் பார்க்காமல் கடலில் இறங்க முடியாது. நம் மன்னார் வளைகுடாவில் 1986 முதல் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. நினைத்தபடி இறங்க முடியாது. புறாத்தீவுக்கு முழுத்தடை வேண்டாம், படகோட்டிகள் பிழைக்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் மூடினால் போதும். அதை உடனே செய்யலாம்.

போகிறவர்களுக்கு: ஞாயிறைத் தவிருங்கள். வெயிலுக்கு கிரீம் பூசாமல் முழுக்கைச் சட்டை போடுங்கள். மிதக்கத் தெரியாதென்றால் லைஃப் ஜாக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள், வெட்கப்படாமல்.