தேயிலைச் சாயம் ஏறிய பாய்கள்

மொரீஷியஸ் போய்த் திரும்புகிறவர்கள் வாங்கி வரும் ரம்மும் வெனிலாத் தேயிலையும் கைப்பைக்குள் அடங்கிவிடும். அடங்காதது மாதிரிக் கப்பல். தனி மரப்பெட்டியில் ஆணி அடித்து, விமான நிலையத்தில் எல்லோரும் திரும்பிப் பார்க்க வந்து சேரும். மூன்று பாய்மரம், பீரங்கி வரிசை, நூலேணி என ஒன்றுகூட விடுபடாத அந்தக் கப்பல்களை யார் செய்கிறார்கள் என்று பார்க்கத்தான் கியூர்பிப்புக்குப் போனேன்.

தீவின் நடு மேட்டில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 550 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர் அது. தலைநகர் போர்ட் லூயியில் வெயில் கொளுத்தும்போது இங்கே குடை பிடிக்க வேண்டியிருக்கிறது. மாதிரிக் கப்பல் செய்வது இங்கே பரம்பரைத் தொழில் அல்ல. 1968இல், நாடு விடுதலை பெற்ற அதே ஆண்டில், கைவினைஞர் ஒருவர் செய்து பார்த்த ஒரு கப்பலிலிருந்து எல்லாம் தொடங்கியதாகச் சொல்கிறார்கள். இன்று இங்கேயும் வடக்கே குட்லாண்ட்ஸிலும் உள்ள பட்டறைகள் உலகறிந்தவை.

நான் போன பட்டறை இரண்டு தளம். கீழே ஆண்கள் கப்பலின் உடலைக் கட்டுகிறார்கள். மேலே பெண்கள் கயிறும் பாயும் பூட்டுகிறார்கள். பெரும்பாலான பட்டறைகளில் வேலைப் பிரிவினை இதுதான்.

கீழ்த்தளத்தில் மேசைக்கு மேசை வரைபடம் விரித்திருந்தது. வரைபடம் இல்லாமல் இங்கே ஒரு துண்டு மரம்கூட அறுபடுவதில்லை. முதலில் ஏரா, கப்பலின் அடிக்கட்டை. அதன்மேல் வரிசையாக வங்குகள், விலா எலும்பு மாதிரி. அந்தக் கூட்டின்மேல் தேக்கு அல்லது மஹோகனிச் சீவல்களை ஒட்டிக்கொண்டே வருவார்கள். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் கப்பல் நடுவில் பருத்து, முன்னே அணியத்திலும் பின்னே அமரத்திலும் ஒடுங்குகிறது. எல்லாச் சீவலும் ஒரே அகலத்தில் இருந்தால் முனையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடும். அதனால் ஒவ்வொன்றையும் முனை நோக்கி இழைத்து, நனைத்து, வளைத்து, ஊசி குத்தி நிறுத்துகிறார்கள். கற்பூர மரம் மலிவுதானே என்று கேட்டதற்கு, ஒரு தச்சர் பழைய மாதிரி ஒன்றைத் திருப்பிக் காட்டினார். விலாவில் விரல் நீளத்துக்கு வெடிப்பு.

பிரிட்டனின் போர்க்கப்பல் விக்டரிதான் எப்போதும் அதிகம் விற்குமாம். 1765இல் கடலில் இறங்கி, 1805இல் டிரஃபால்கர் கடற்போரில் தளபதி நெல்சனைச் சுமந்த 104 பீரங்கிக் கப்பல். அசலில் 37 பாய்கள். கயிறு மட்டும் சுமார் 42 கிலோமீட்டர். பெரிய மாதிரி ஒன்றை முடிக்க 400 மணி நேரம் வரை ஆகும். அதில் பெரும்பங்கு மாடியில்தான் கழிகிறது.

மாடியில் பேச்சுச் சத்தம் குறைவு. நூலேணி கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். பாய்மரத்தின் உச்சியிலிருந்து கப்பலின் விளிம்புக்கு இறங்கும் கயிறுகள் மேலே குவிந்து, கீழே விரிகின்றன. அவற்றின் குறுக்கே படிப்படியாக மெல்லிய நூலைக் கட்ட வேண்டும். நூல் ஒவ்வொரு கயிற்றைக் கடக்குமிடத்திலும் ஒரு முடிச்சு. பூக்கட்டுகிற விரல்களின் வேகம் அது. முடிச்சைக் கொஞ்சம் கூடுதலாக இறுக்கினால் ஓரக் கயிறுகள் உள்ளே இழுபட்டு ஏணிக்கு இடுப்பு விழுந்துவிடும்; தளர்த்தினால் படி தொங்கும். ஒரு படி முடிந்ததும் கண்ணைச் சுருக்கித் தள்ளிப் பார்க்கிறார், பிறகே அடுத்தது. பாய்மரத்தைத் தாங்கி நிற்கும் கயிறுகளுக்குக் கறுப்பு நூல், பாயை ஏற்றி இறக்கும் ஆஞ்சான் கயிறுகளுக்கு வெளிர்பழுப்பு. அசல் கப்பலில் அசையாத கயிற்றுக்குத் தார் பூசுவார்கள். கப்பியில் ஓட வேண்டிய கயிற்றில் தாரை அள்ளிப் பூச முடியாது. அந்த வேறுபாடு இந்த நூல்வரை வந்திருக்கிறது.

பாய்த் துணி பளிச்சென்ற வெள்ளையில் வருகிறது. அப்படியே கட்டினால் பொம்மைக் கப்பல். அதனால் கடுந்தேநீரில் முக்கி எடுத்து உலர்த்துகிறார்கள். உப்புக்காற்றில் பல வருடம் கிடந்த நிறம் வந்துவிடுகிறது.

மேற்பார்வை செய்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். நெற்றியில் விபூதி. "வணக்கம்" சொன்னார், அதற்குமேல் கிரியோல்தான். என்னை "மிஸ்யே" என்றார். நான் "மதாம்" என்றேன். மற்றதை என்னை அழைத்து வந்த டிரைவர் மொழிபெயர்த்தார். தமிழ்நாட்டிலிருந்து முன்னோர் வந்தார்கள் என்று தெரியும், எந்த ஊர் என்று தெரியாது என்றார்.

ஆதிக்குடி என்று யாரும் இல்லாத தீவு இது. வந்தவர் எல்லோரும் கப்பலில் வந்தவர்களே. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்களை அழைத்து வந்தார்கள். 1834 நவம்பர் 2 அன்று கல்கத்தாவிலிருந்து 'அட்லஸ்' கப்பல் 36 ஒப்பந்தக் கூலிகளோடு வந்து சேர்ந்தது. 1920க்குள் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர். சென்னைத் துறைமுகத்தில் ஏறிய தமிழர்களும் தெலுங்கர்களும் அதில் அடக்கம். போர்ட் லூயியில் அவர்கள் இறங்கிய ஆப்ரவாசி காட் இன்று யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம்.

விற்பனைக் கூடத்து அலமாரிகளை ஒரு சுற்றுப் பார்த்தேன். விக்டரி இருந்தது, கலகம் நடந்த பவுண்டி இருந்தது, எண்டவர் இருந்தது, டைட்டானிக்கூட இருந்தது. அட்லஸ் இல்லை. கூலிகளை ஏற்றி வந்த வேறெந்தக் கப்பலும் இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"யாரும் கேட்டதில்லை, மிஸ்யே. வரைபடம் கொண்டு வந்தால் செய்து தருவோம்" என்றார் அந்த அம்மா.

அவர் குறையாகச் சொல்லவில்லை. வாங்குகிறவர் கேட்பதைச் செய்வது தொழில். வாங்குகிறவர் பெரும்பாலும் ஐரோப்பியச் சுற்றுலாப் பயணி. அவருக்கு நெல்சனைத் தெரியும், அட்லஸைத் தெரியாது. தெரிந்த நாம் கேட்கவில்லை என்பதுதான் விஷயம். லண்டன் கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கப்பல் வரைபடங்கள் இருக்கின்றன. அட்லஸின் படமே கிடைக்காவிட்டாலும் அக்காலச் சரக்குக் கப்பல் ஒன்றின் படத்தைத் தேடி எடுப்பது தமிழ்ச் சங்கங்களுக்கோ பல்கலைக்கழகங்களுக்கோ முடியாத காரியமல்ல. சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ ஒரு காட்சிக்கூடத்தில் அது நின்றால் போதும். அதைச் செய்யத் தெரிந்த தச்சர்களும் கயிறு கட்டும் பெண்களும் கியூர்பிப்பில் இருக்கிறார்கள். வரைபடத்தோடு போய்க் கேட்க வேண்டியது நாம்தான்.