கழுகுகள் சாப்பிட வந்த ஊர்... தாம்பரத்திலிருந்து ஒரு பைக் ரைடு!

"மச்சான், மதியம் எங்கயாவது வெளியூர் போய் சாப்பிடலாமாடா?"

தாம்பரம் பக்கத்து டீக்கடைகளில் ஞாயிற்றுக்கிழமை காலை அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பெரும்பாலும் 'மகாபலிபுரம்' என்றுதான் பதில் வரும். ஆனால், அங்கிருந்து சுமார் 15 கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கும் திருக்கழுக்குன்றம், மதியச் சாப்பாட்டுக்காகவே பெயர் வாங்கிய ஊர். சாப்பிட வந்தது மனிதர்கள் இல்லை... இரண்டு கழுகுகள்!

தாம்பரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் சுமார் 45 கிலோமீட்டர். பொறுமை தேவைப்படுவது முதல் பாதியில்தான். பெருங்களத்தூர், வண்டலூர் தாண்டினால் கிளாம்பாக்கம். 2023 டிசம்பர் 30-ல் பேருந்து நிலையம் திறக்கப்பட்டதிலிருந்து, தென்மாவட்டப் பேருந்துகள் கூடும் இடம் இது. பைக்கில் போகிறவர்கள் இங்கே வேகத்தைக் குறைத்து, இடது ஓரமாகப் போவது நல்லது. பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கும் ஹெல்மெட் கட்டாயம்.

கூடுவாஞ்சேரி, மறைமலைநகர், சிங்கப்பெருமாள் கோவில் என்று ஊர்கள் நகர நகர, அடுக்குமாடிகள் குறைகின்றன. பரனூர் சுங்கச்சாவடியில் பைக்குக்குக் கட்டணம் கிடையாது. கொளவாய் ஏரியைப் பார்த்துக்கொண்டே செங்கல்பட்டு வந்து, ஜி.எஸ்.டி. சாலையை விட்டுப் பிரிந்து மகாபலிபுரம் சாலையில் திரும்பினால் காட்சியே மாறிவிடும். வயல்கள், சின்னச் சின்னக் குன்றுகள், கொஞ்ச நேரத்தில் தூரத்தில் தெரியும் மலைக்கோயில்.

முதலில் படி, பிறகு பந்தி!

மலை மேலே வேதகிரீஸ்வரர், கீழே ஊருக்குள் பக்தவத்சலேஸ்வரர், திரிபுரசுந்தரி அம்மன். மலைக்கு ஐந்நூற்றுக்கும் அதிகமான படிகள். வயிறு நிறைய சாப்பிட்டுவிட்டு ஏறினால் மூச்சு வாங்கும். உச்சி வெயிலில் பாறையும் சுடும். அதனால் காலையிலேயே கிளம்பி, மலை ஏறி இறங்கிவிட்டுப் பிறகு சாப்பிடுவதுதான் சரி. கையில் தண்ணீர் இருக்கட்டும். குரங்குகள் உண்டு, தின்பண்டப் பொட்டலம் பத்திரம்.

இந்த மலையில்தான் தினமும் உச்சிவேளையில் அர்ச்சகர் சர்க்கரைப் பொங்கலோடு காத்திருப்பார். வெள்ளை உடலும் மஞ்சள் முகமுமாக இரண்டு பறவைகள் வந்து இறங்கி, சாப்பிட்டுவிட்டுப் பறந்துபோகும். காலையில் கங்கையில் நீராடி, மதியம் இங்கே உணவருந்தி, மாலையில் ராமேஸ்வரம் போகும் முனிவர்கள் அவர்கள் என்பது ஊர் நம்பிக்கை. அதனாலேயே இந்தத் தலத்துக்குப் 'பட்சி தீர்த்தம்' என்றும் பெயர். இதைப் பார்க்க வெளிநாட்டினரும் வந்தார்கள். மலையிலிருந்து இறங்கும் வழியில் உள்ள பல்லவர் கால ஒருகல் மண்டபத்தில், 17-ம் நூற்றாண்டில் வந்த டச்சுக்காரர்கள் தங்கள் பெயர்களைச் செதுக்கிவைத்ததை இன்றும் பார்க்கலாம். பக்கத்துக் கடற்கரையான சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை வைத்திருந்தவர்கள் அவர்கள்.

இப்போது அந்தப் பறவைகள் வருவதில்லை. 1990-களோடு அந்த வழக்கம் நின்றுவிட்டது.

அவை மஞ்சள் முகப் பாறு என்ற பிணந்தின்னிக் கழுகு வகை. அதே காலகட்டத்தில் இந்தியா முழுக்கப் பாறுகள் கொத்துக் கொத்தாக மடிந்தன. மாடுகளுக்கு வலி நிவாரணியாகப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்துதான் முக்கியக் காரணம். மருந்து ஏறிய மாடு செத்து, அதைத் தின்றால் கழுகின் சிறுநீரகம் செயலிழந்துவிடும். 2006-ல் கால்நடைகளுக்கு இந்த மருந்தைப் பயன்படுத்த இந்தியா தடை விதித்தது. அசிக்ளோஃபினாக், கீட்டோபுரோஃபன் மருந்துகளுக்கு 2023-ல் தடை வந்தது. தமிழ்நாட்டில் பாறுகளைப் பார்க்க வேண்டுமென்றால், இன்று நீலகிரி மலையடிவாரத்தில் முதுமலை, மாயாறு பக்கம்தான் போக வேண்டும்.

மலையிலிருந்து இறங்கினால் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. சாம்பார், ரசம், கூட்டு, பொரியல், அப்பளம், மோர்... படி ஏறிய பசிக்கு அதுவே விருந்து. சாப்பிட்ட கையோடு வண்டியை எடுக்காமல், சங்கு தீர்த்தக் குளக்கரையில் கொஞ்சம் உட்காரலாம். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்தக் குளத்தில் சங்கு பிறக்கும் என்பது ஐதீகம்.

ஊரில் மாடு வளர்க்கும் சொந்தக்காரர்கள் இருந்தால், திரும்பி வந்ததும் ஒரு போன் போட்டுச் சொல்லுங்கள். மாட்டுக்கு வலி என்றால், மருந்துக்கடையில் கிடைத்ததை வாங்கிப் போடாமல் கால்நடை மருத்துவரிடம் கேட்கட்டும். கழுகுக்குக் கேடு செய்யாத மெலாக்சிகம் போன்ற மாற்று மருந்துகள் இருக்கின்றன. கழுகின் பெயரைத் தாங்கி நிற்கும் ஊருக்குப் போய்ச் சாப்பிட்டு வருகிறவர்கள், கழுகுகளுக்காக இதைச் செய்யலாமே!