விளக்கை ஏற்றும் குச்சி

மாலையில் சுவாமி படத்தின் முன் விளக்கேற்றுகின்றவர்களின் கண் திரியின் மேல் இருக்கும். மனம் தெய்வத்தின் மேல் இருக்கும். கையிலுள்ள தீக்குச்சியை எவரும் நினைப்பதில்லை. திரி பற்றியதும் கையை உதறிக் குச்சியை அணைத்து ஒரு பக்கம் போட்டு விடுவதே வழக்கம். தமிழ்நாட்டார் தீப்பெட்டி என்பர், யாழ்ப்பாணத்தார் நெருப்புப்பெட்டி என்பர். பெயர் எதுவாயினும், அந்தச் சிறு பெட்டிக்குள் அடங்கியிருக்கும் வியப்புக்கும் நன்றிக்கடனுக்கும் அளவில்லை.

நினைத்தவுடன் நெருப்பு என்பது மனித குலத்துக்கு மிகப் பிந்திக் கிடைத்த வரம். யாகத்துக்கு அரணிக் கட்டையைக் கடைந்து தீ உண்டாக்கினார்கள். வீட்டில் சிக்கிமுக்கிக் கல்லைத் தட்டிப் பஞ்சில் பொறி பிடித்தார்கள். இரவில் அடுப்புக் கங்கைச் சாம்பலால் மூடி வைத்துக் காலையில் கிளறி எடுத்தார்கள். கங்கு அவிந்து போனால் அடுத்த வீட்டுக்குப் போய் நெருப்புக் கேட்க வேண்டியதுதான்.

அந்த நிலையை மாற்றியவர்களுள் முதன்மையானவர் வட இங்கிலாந்தில், டீஸ் நதிக்கரையிலுள்ள ஸ்டாக்டன் என்னும் ஊரில் மருந்துக்கடை வைத்திருந்த ஜான் வாக்கர். உரசினால் பற்றும் குச்சியை அவர் 1827ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் விற்றது அவருடைய கடைக் கணக்கில் பதிவாகியுள்ளது. தம் கண்டுபிடிப்புக்கு அவர் காப்புரிமை பெறவில்லை. உரிமை கோரியிருந்தால் பெருஞ்செல்வம் சேர்ந்திருக்கும். அவரோ 1859இல் மறையும் வரை அதே ஊரிலேயே வாழ்ந்தார்.

இன்றைய பெட்டியிலுள்ள குச்சியைச் சுவரில் உரசினால் ஏன் பற்றுவதில்லை என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. குச்சியின் தலையிலுள்ள மருந்தில் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் உண்டு. பெட்டியின் பக்கவாட்டுப் பட்டையில் சிவப்புப் பாஸ்பரசும் கண்ணாடித் தூளும் உண்டு. இரண்டும் உரசும்போது எழும் வெப்பத்தில் சிவப்புப் பாஸ்பரசில் ஓர் அணுவளவு, எளிதில் பற்றும் வெள்ளைப் பாஸ்பரசாக மாறிச் சுடர்விடுகிறது. அந்தப் பொறி தலை மருந்தைக் கொளுத்துகிறது. குச்சியில் ஊறியுள்ள மெழுகு சுடரை மரத்துக்குக் கொண்டு செல்கிறது. அணைத்த பின் குச்சி கனன்று கொண்டிராமல் இருக்கவும் மரத்தில் ஒரு ரசாயன உப்பை ஏற்றியிருக்கிறார்கள். மருந்தைத் தலையிலும் பட்டையிலும் பிரித்து வைக்கும் இந்தப் பாதுகாப்பான முறைக்குச் சுவீடன் நாட்டின் குஸ்டாப் எரிக் பாஷ் 1844இல் காப்புரிமை பெற்றார்.

ஆயினும் அந்த முறை உடனே எங்கும் பரவவில்லை. வெள்ளைப் பாஸ்பரஸ் குச்சி மலிவாகக் கிடைத்தது; எங்கு உரசினாலும் பற்றியது. அதன் விலையைக் கொடுத்தவர்கள் தொழிலாளிகள். அதன் ஆவியை நாளெல்லாம் சுவாசித்தவர்களுக்குப் பல்வலி தொடங்கும். பின் தாடையெலும்பு அழுகும். பலர் மாண்டும் போனார்கள்.

தமிழ்க் குடும்பங்கள் பல இன்று வாழும் கிழக்கு லண்டனில், போ என்னும் பகுதியில் ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலை இருந்தது. வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களிலும் பலர் சிறுமிகள். வேலை நேரத்தில் பேசினால் அபராதம், காலில் அழுக்கிருந்தால் அபராதம். 1888ஆம் ஆண்டு ஜூன் மாதம் இந்தக் கொடுமையைப் பத்திரிகையில் எழுதி உலகறியச் செய்தவர் அன்னி பெசன்ட் அம்மையார். அடுத்த மாதமே ஏறத்தாழ 1,400 பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சில வாரங்களுக்குள் அபராதங்கள் நீங்கின. பிற்காலத்தில் சென்னை அடையாற்றில் பிரம்மஞான சபையின் தலைவராக விளங்கி, 1917இல் இந்திய தேசிய காங்கிரசுக்கும் தலைமை ஏற்று, 1933இல் அடையாற்றிலேயே மறைந்தவரும் அதே அம்மையார்தான். போ பகுதிக்கும் தமிழ் மண்ணுக்கும் அப்படியும் ஓர் உறவு உண்டு.

வெள்ளைப் பாஸ்பரஸ் ஒழிய இன்னும் பல ஆண்டுகள் ஆயின. 1906இல் ஐரோப்பிய நாடுகள் சில பெர்ன் நகரில் கூடி அதைத் தடை செய்ய ஒப்பந்தம் செய்தன. பிரிட்டனில் 1910இல் தடை நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் 1913இல் சட்டம் இயற்றப்பட்டது.

தமிழ்நாட்டில் தீப்பெட்டி என்றதும் நினைவுக்கு வருவது சிவகாசி. வானம் பார்த்த அந்தக் கரிசல் பூமியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இரு உறவினர் 1922இல் கல்கத்தா சென்று தொழிலைக் கற்று வந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த தொழிலால் அடுப்பெரிந்த வீடுகள் ஆயிரமாயிரம். அதே தொழிலில் பள்ளிக்குப் போக வேண்டிய பிஞ்சுக் கைகள் குச்சி அடுக்கியதும் பெட்டி ஒட்டியதும் உண்டு. இந்திய உச்ச நீதிமன்றம் 1996இல் அளித்த தீர்ப்பில், ஆபத்தான தொழில்களில் பிள்ளைகளை அமர்த்தும் முதலாளிகள் பிள்ளை ஒன்றுக்கு 20,000 ரூபாய் செலுத்த வேண்டுமென்றும், அந்தப் பிள்ளைகளுக்குக் கல்வி கிடைக்க வேண்டுமென்றும் ஆணையிட்டது.

ஒரு குச்சி எரியும் நேரம் சில விநாடிகள். அதற்குள் ஒரு மருந்துக்கடைக்காரரின் பெருந்தன்மை, ஒரு விஞ்ஞானியின் நுட்பம், முகமறியாச் சிறுமிகளின் வேதனை, கரிசல் காட்டு மனிதர்களின் முயற்சி எல்லாம் சேர்ந்து ஒளிர்கின்றன. நன்றி சொல்ல அவர்களைத் தேடிப் போக முடியாது. அவர்களைப் பற்றித் தெரிந்துகொள்வதும், தெரிந்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்வதும் முடியும். அறிந்துகொள்வதே நன்றியின் முதற்படி. உண்ணும் அரிசி, உடுக்கும் துணி, குழாயில் வரும் நீர் என ஒவ்வொன்றின் பின்னாலும் இப்படி ஒரு வரலாறு காத்திருக்கிறது. வாரம் ஒன்றை எடுத்துக்கொண்டு, இது யார் கையால் வந்தது என்று வீட்டில் கேட்டுப் பழகினால், அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு வியப்பும் குறையாது, பணிவும் குறையாது.