அடைத்துக் கட்டிய தோடு

கடையம், தென்காசி வட்டாரத்தில் தாயிடமிருந்து மகளுக்கு இறங்கும் பழைய ஏழுகல் வைரத்தோடுகளில் பல, பின்புறம் தங்கத் தகட்டால் அடைத்துக் கட்டப்பட்டவை. கல் பார்ப்பதையே பிழைப்பாகக் கொண்டவர்களுக்கு இன்று பெருஞ்சோதனையாக இருப்பது அந்த அடைப்புதான். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டெஸ்டர் பேனா 'பீப்' என்றால் வைரம் என்று கடைப்பையன்களும் தீர்ப்புச் சொல்லிவிடுவதால், இச்சோதனை இருப்பதே வெளியே தெரிவதில்லை.

சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை சொல்லும் காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்னும் குற்றங்களை லூப்பு எனப்படும் பத்து மடங்கு உருப்பெருக்கியில் தேடும் வழக்கம் இன்றும் உண்டெனினும், அவை கல்லின் தரத்தைச் சொல்லுமேயன்றிப் பிறப்பைச் சொல்லா. போலிகளைப் பிடிப்பது அவ்வளவு கடினமன்று. திருச்சிராப்பள்ளிப் பக்கம் குடிசைத் தொழிலாகப் பட்டை தீட்டப்பட்ட செயற்கைக் கற்களையும், ஏ.டி. கல் எனப்படும் சிர்கோனியாவையும் பழகிய கண் விடாது; ஒரே அளவுள்ள வைரத்தைவிடச் சிர்கோனியா ஒன்றரை மடங்குக்கு மேல் கனக்கும். மொய்சனைட் எனப்படும் சிலிக்கன் கார்பைடு வைரத்தைப் போலவே வெப்பத்தைக் கடத்துவதால், வெப்பத்தை மட்டும் அளக்கும் பேனா அதனிடம் ஏமாறும். ஆனால் அது ஒளியை இரண்டாகப் பிரிப்பதால், கல்லைச் சாய்த்து ஓரப்பட்டை வழியே நோக்கினால் அடிப்பட்டைகளின் விளிம்புகள் இரட்டைக் கோடுகளாகத் தெரியும். மேல்தளத்தின் வழியே நேராகப் பார்ப்பவருக்கு அது பெரும்பாலும் புலப்படாது. எவ்வளவு சாய்க்க வேண்டும் என்பது கைப்பழக்கம்.

ஆய்வகத்தில் வளர்ந்த வைரமோ போலியே அன்று. அதுவும் கரிமம், அதே கடினம், 2.42 என்னும் அதே ஒளிவிலகல் எண். மண்ணுக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்த வைரங்களில் மிகப் பெரும்பாலானவற்றில் நைட்ரஜன் அணுக்கள் ஒன்றோடொன்று கூடித் திரண்டிருக்கும். வாயுவிலிருந்து சில வாரங்களில் படியவைக்கும் சி.வி.டி. கல்லில் அத்திரட்சிக்கு நேரமில்லை. ஆகவே குறுகிய அலை புறஊதாக் கதிரைப் பெரும்பாலான இயற்கைக் கற்கள் தடுக்க, இக்கல் ஊடுருவ விடும். இயற்கையிலும் நூற்றில் ஓரிரண்டு அவ்வாறே விடுவதால், இந்த ஊடுருவலைப் பார்க்கும் கருவி ஐயத்தைத்தான் கிளப்புமேயன்றித் தீர்ப்பை நிறமாலை ஆய்வே தர வேண்டும். அடைத்துக் கட்டிய தோட்டிலோ கதிர் மறுபுறம் வருவதற்கே வழியில்லை. கல்லைத் தனியே நிறுக்கவும் இயலாது. பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில் ஏழில் ஒன்று ஆய்வகக் கல்லாக மாறியிருந்தாலும், கட்டைப் பிரிக்காமல் அதைச் சொல்ல எந்தக் கண்ணாலும் ஆகாது.

2023-24 நிதிநிலை அறிக்கையில் ஆய்வக வைர ஆராய்ச்சிக்கு அறிவிக்கப்பட்ட ஐந்தாண்டு மானியம் சென்னை ஐ.ஐ.டி.க்குக் கிடைத்தது, வளர்க்கும் கலைக்கு ஆதரவு உண்டு, கண்டறியும் கலையைக் கற்க ஊர்ப்பக்கத்தில் ஆளில்லை. லூப்பைக் கண்ணருகே வைத்துக் கல்லை அதனிடம் கொண்டுவர வேண்டும் என்பதைக்கூட அறியாமல், கையை நீட்டிப் பார்ப்பவர்களே மிகுதி. இவர்களைவிட ஆபத்தானவர், நீரோட்டம் எனப்படும் கல்லின் உள்ளொளியைக் கண்டே சுரங்கக் கல் என்று சத்தியம் செய்யும் மூத்தவர்.

பிரித்தால்தான் தெரியும் என்று நேர்மையாகச் சொன்னால், பாட்டி காலத்துக் கட்டைக் கலைக்க எந்த வீட்டாரும் இசைவதில்லை. தோட்டைத் தாளில் மடித்து எடுத்துக்கொண்டு, பேனா வைத்திருக்கும் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள்.